பாகு வாசம் வந்த போர்: ஒரு தோட்டப் பட்டணத்தில் புல் காயவைத்த கதை

இரவு ஒன்பதரை மணிக்கு மாட்டுக்கார அண்ணன் கேட்டைத் தட்டினார். சட்டை இல்லை, தோளில் துண்டு மட்டும். "டீச்சர், போர்ல வெல்லப்பாகு வாசம் வருது. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். மாடு வளர்க்கிறவரின் மூக்கு சும்மா சொல்லாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தாமானுக்கு, அதாவது எங்கள் வீடமைப்புப் பகுதிக்கு, பின்னால் இருக்கும் திடலுக்குப் போனோம். மூன்று நாளுக்கு முன்பு முப்பது பேர் சேர்ந்து கட்டிய புல் போர், ஆள் உயரத்துக்கு மேல் இருட்டில் நின்றது. அண்ணன் கடப்பாரையை அதன் வயிற்றில் சொருகினார். கால் மணி நேரம் விட்டு உருவி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்ட விரலை உடனே எடுத்துவிட்டேன்.

இந்த ஆய்வை எழுத வைத்தது அந்த ராத்திரிதான். நடந்தபோது எங்களுக்கு அது வெறும் மானக்கேடு.

இடமும் ஆட்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும் தோட்டப் பட்டணங்களில் ஒன்று எங்களுடையது. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் மாட்டுக்காரர்களுக்குத்தான் வீண் தொல்லை. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர். 1990 வாக்கில் மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப்பனை), பரப்பளவில் ரப்பரை முந்தியது; எங்கள் பக்கமும் அதே கதைதான். அப்புறம் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். ஆள் வந்தாயிற்று, மாடு எங்கே போகும்?

லயத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருந்தது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்களுக்கு, மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. வருட ஆரம்பத்தில் மரம் இலை கொட்டும் மாதங்களில் பாலும் குறைந்துவிடும். அந்த நாட்களில் வீட்டை ஓட்டியது மாட்டுப் பால்தான். மங்கில் (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாத பாலை மடியில் கறந்தோம் என்று என் அம்மா சொல்வார். தாமானில் அதற்கெல்லாம் இடமில்லை. வீடமைப்புப் பகுதியில் மாடு கட்டக் கூடாது. மாட்டுக்கார அண்ணன் இரண்டு முறை அபராதம் கட்டியவர். இப்போது பத்து மாடுகளை ஆற்றோரம் ஒரு மறைவில் கட்டி, தினமும் மோட்டார் சைக்கிளில் புல் அறுத்துக்கொண்டு போகிறார்.

என் அண்ணன் மகள் பினாங்கில் கலை படிக்கிறாள். இறுதி ஆண்டு வேலைக்கு ஏதோ தேடிக்கொண்டு ஜனவரியில் வந்தவள், கைவிடப்பட்ட வீட்டுமனைத் திடலில் நெஞ்சு உயரம் வளர்ந்திருந்த கினிப் புல்லைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதை எல்லாரும் சேர்ந்து அறுத்துக் காயவெச்சு ஒரு போர் கட்டினா என்ன?" என்று கேட்டாள். போர் என்றதும் பக்கத்து வீட்டுப் பையன், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்டான். வைக்கோல் போரைப் பார்த்தே இராத பிள்ளை, வேறு எப்படிக் கேட்பான்.

அவள் கையில் சில முன்னுதாரணங்கள் இருந்தன. 1982இல் ஆக்னஸ் டெனிஸ் என்ற கலைஞர் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கிய நிலத்தில் 2 ஏக்கர் கோதுமை விதைத்தார். மே மாதம் விதைத்தது, ஆகஸ்ட் 16 அன்று அறுவடை. 1,000 பவுண்டுக்கு மேல் தானியம் கிடைத்தது. உலகத்திலேயே விலை உயர்ந்த மண்ணில் கோதுமையா என்று ஊர் பார்த்தது. இந்தக் கதையைக் கடைசி வீட்டுப் பாட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வைக்கோல என்னம்மா பண்ணாங்க?" போலீஸ் குதிரைகளுக்குப் போட்டார்களாம் என்றாள். "அப்ப சரி" என்றார் பாட்டி. மோனே 1890, 91இல் வரைந்த போர்களையும் போனில் காட்டினாள். மோனே வரைந்தது கோதுமைக் கதிர்ப் போர். காய்ந்த புல் போர் என்று பலர் தப்பாகச் சொல்கிறார்கள். பாட்டி போனை எட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூரை நல்லா மேஞ்சிருக்கான்" என்றார். ஓவியத்தைப் பற்றி அதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பாட்டிக்கு வயது 76. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவருடைய அம்மா நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். தோட்டத்துக்குப் பக்கத்து மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) நெல் அறுப்பு முடிந்ததும் ஜெராமியை, அதாவது வைக்கோலை, கேட்டு வாங்கி வந்து லயத்துக்குப் பின்னால் போர் போடுவது அந்த அம்மாவின் வேலை. பாட்டி சிறு வயதில் போர் மேல் ஏறி மிதித்தவர். அறுவடை இயந்திரம் வந்த பிறகு முழு நீள வைக்கோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. கடைசியாகப் போர் போட்டது எந்த வருடம் என்றே அவருக்கு நினைவில்லை.

காகிதம்

திடலில் வேலை செய்ய அனுமதி வேண்டும். முதல் கடிதத்தை நான்தான் எழுதினேன்: 'மாட்டுத் தீவனத்துக்காகப் புல் அறுத்துச் சேகரித்தல்'. பதிலே வரவில்லை. நேரில் போனால், மாடு வைத்திருப்பவர் யார், எங்கே கட்டியிருக்கிறார் என்று விசாரித்தார்கள். பேசாமல் திரும்பி வந்தேன். இரண்டாவது கடிதத்தை அண்ணன் மகள் எழுதினாள்: 'சமூகப் பங்கேற்புடன் கூடிய இயற்கைப் பொருள் சிற்பம்'. ஒன்பதாவது நாள் முத்திரை குத்திய காகிதம் கைக்கு வந்தது. அதே திடல், அதே புல், அறுக்கப் போவதும் அதே ஆட்கள். பாரத்தில் 'அகற்றும் முறை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இயற்கை முறையில்' என்று நிரப்பியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளே கொஞ்சம் கசந்தது.

முதல் வெள்ளி

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பிப்ரவரியில் வடக்கே மழை குறைவு, வெயில் நன்றாக அடிக்கும். மலேசியாவில் புல் காயவைக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம், இந்த மாதந்தான். மற்ற இடங்களிலும் மற்ற மாதங்களிலும் மதியத்துக்கு மேல் மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால்தான் இங்கே யாரும் புல்லைக் காயவைத்துச் சேர்ப்பதில்லை. தினம் அறுத்துப் பச்சையாகப் போடுவதுதான் வழக்கம். நாங்கள் செய்தது எங்கள் பாரம்பரியம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அறுப்பதற்கு முன்பு மாட்டுக்கார அண்ணன் திடலைச் சுற்றி நடந்து, இரண்டு ஓரங்களில் குச்சி நட்டு, "இந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். கால்வாய் ஓரம் மருந்து அடித்திருக்கிறார்களாம். பார்வைக்கு எல்லாம் பச்சைதான். ஆனால் நுனி இலை லேசாக வெளிறி, மடிப்பு விழுந்திருந்தது. அவர் சொன்ன பிறகுதான் எங்கள் கண்ணுக்குப் பட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை, ஆனால் வேறு மருந்துகள் இருக்கின்றனவே. கன்றுக்குட்டி ஒன்றை அப்படிப் பறிகொடுத்தவர் அவர். தோட்டத்தில் எந்த வரிசைக்கு எந்த வாரம் மருந்து அடிப்பார்கள் என்று மனப்பாடமாக வைத்திருந்த ஆள், இப்போது தாமான் கால்வாய்களுக்கு அதே கணக்கு வைத்திருக்கிறார்.

காலை எட்டரைக்கு அரிவாள் இறங்கியது. ஐரோப்பாவில் பனி ஈரம் இருக்கும்போதே அறுப்பார்களாமே, நீண்ட கத்திக்கு அது சுலபமாமே என்று அண்ணன் மகள் கேட்டாள். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. நம்முடையது பிடி அரிவாள். கையால் கொத்தாகப் பிடித்து அறுக்க வேண்டும், ஈரப் புல் வழுக்கும், கையை அறுக்கும். தவிர, பனி காய்ந்த பிறகு இறங்கினால் கட்டுவிரியன் எங்காவது போயிருக்கும். ஆண்கள் சிலர் முதுகில் மாட்டும் புல்வெட்டி இயந்திரத்தோடு வந்தார்கள். அது புல்லைத் துண்டு துண்டாகச் சிதறடித்தது. வாரவும் முடியவில்லை, போரில் நிற்கவும் செய்யாது. அரை மணி நேரத்தில் அவர்களே அணைத்துவிட்டு அரிவாள் கேட்டார்கள்.

அறுத்ததை மெல்லியதாகப் பரப்பினோம். மதியம் கவைக்கம்பால் புரட்டினோம். சாயங்காலம் பனி விழாமல் சின்னச் சின்னக் குவியலாக்கி, மறுநாள் காலை திரும்ப விரித்தோம். ஒரு கோணிப்பையில் 20 கிலோ பச்சைப் புல்லைத் தனியாக எடுத்து, மீன் கடைத் தராசில் நிறுத்து, அதையும் பக்கத்திலேயே விரித்து வைத்தோம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நன்றாகக் காய்ந்தால் 20 கிலோ 5 கிலோவாகும் என்று அண்ணன் மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

ஞாயிறு மதியம் ஜெராய் துண்டு போட்டது. மலை உச்சியில் மேகம் சுற்றிக்கொண்டால் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். உச்சி 1,217 மீட்டர். அங்கே மேகம் கட்டிக் கீழே இறங்கினால் சாயங்காலம் மழை. வேலை நாள் என்றாலும் ஐந்தரைக்கு எல்லாரும் ஓடி வந்தார்கள். பொழுது சாய ஏழரை ஆகும், இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான் அந்தக் கோணிப்பையை நிறுத்துப் பார்த்தேன். 7 கிலோ. பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மேகம் வந்துகொண்டிருந்தது, ஆட்கள் உற்சாகத்தில் இருந்தார்கள், பாட்டி அடித்தளத்தை வேறு தொடங்கிவிட்டார். இரண்டு கிலோதானே என்று நினைத்தேன். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள்.

பாட்டி போர் கட்டிய விதம் அழகு, அதை மறுக்க முடியாது. கீழே பழைய மரத்தட்டுகள், அதன் மேல் முள் சீவிய செம்பனை மட்டை. நடுவில் மூங்கில். இரண்டு பிள்ளைகளை மேலே ஏற்றி வட்டமாக மிதிக்கச் சொன்னார். "நடுவுல மேடா இருக்கணும், எப்பவும் நடுவுல மேடா இருக்கணும்" என்று கீழே இருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். நடு உயர்ந்திருந்தால் ஒவ்வொரு தண்டும் வெளிப்பக்கம் சரிந்து நிற்கும், மழை தண்டோடு வழிந்து வெளியே போய்விடும். நடு தாழ்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கடைசியில் வெளிப்புறத்தைத் தலை வாருவது போல இரண்டு கையாலும் மேலிருந்து கீழே கோதிவிட்டார். தொங்கிய புல்லெல்லாம் உதிர்ந்து, போர் வழுவழுப்பாக நின்றது. லாலான் என்ற நீளப் புல்லால் கூரை. ஏழேகாலுக்கு மழை பிடித்தது. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். எடுத்த படங்களில் எல்லாம் முடிந்த போர் இருக்கிறது. பாட்டியின் கை ஒன்றில்கூட இல்லை.

புதன் இரவு

மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஈரத்தோடு அடுக்கிய புல்லின் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கி வெப்பம் கிளம்புகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. 60 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் ஆபத்து. 70ஐத் தாண்டி வளர்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். பிரிக்கும்போது திடீரென்று காற்றுப் பட்டாலும் பற்றலாம் என்பதால், பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து ரப்பர் டியூப் இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டு பிரித்தோம். ஆவி கிளம்பியது. நடுவில் இருந்த புல் காப்பிப்பொடி நிறம். வாசம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. புகையிலையும் வெல்லமும் கலந்த மாதிரி. பன்னிரண்டு மணி வரைக்கும் பிரித்துப் பரப்பினோம். கலைப் படைப்பு தரையில் கிடந்தது.

பாட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். "வைக்கோல் இப்படிப் பண்ணாதே" என்றார் மெதுவாக. இதுதான் விஷயம். வைக்கோல், கதிர் முற்றும்போதே பாதி காய்ந்துவிடும். அறுத்துக் களத்தில் அடித்த பிறகு போருக்கு வருவது ஏறக்குறைய உலர்ந்த தண்டு. கினிப் புல் அப்படி இல்லை. அது உயிரோடு அறுத்த பச்சை. பாட்டிக்குப் போர் தெரியும், பச்சைப் புல் காய்வது தெரியாது. மாட்டுக்கார அண்ணனுக்குப் புல்லும் தெரியும் வாசமும் தெரியும். ஆனால் அவர் வாழ்நாளில் புல்லைக் காயவைத்ததே இல்லை. காயவைப்பதைப் பற்றிப் படித்திருந்தது அண்ணன் மகள். அவள் கையில் ஒரு கட்டுகூட ஒழுங்காக நிற்காது. எனக்குத் தெரிந்தது 7 என்ற எண் மட்டும். 'மூதாட்டியின் பாரம்பரிய அறிவு' என்று திட்டக் குறிப்பில் எழுதி வைத்திருந்த வரியை அண்ணன் மகள் மறுநாளே அடித்துவிட்டாள். முழு அறிவை வைத்திருந்த ஆள் எங்களில் ஒருவர்கூட இல்லை. ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தோம். அது தெரியாமல், பாட்டி ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டியிருந்தோம். அவரும் பாவம், மறுத்துப் பேசவில்லை.

கம்பி கட்டிய வாரம்

அடுத்த வெள்ளி மிச்சப் புல்லை அறுத்தோம். இந்த முறை அண்ணன் மகள் சொன்னதுதான் நடந்தது. நார்வேயில் மழை அதிகமான பக்கங்களில் கம்பம் நட்டு, வரிசை வரிசையாகக் கம்பி இழுத்து, புல்லை அதில் மடித்துத் தொங்கவிட்டுக் காயவைப்பார்களாம். ஹெஸ்யே என்று பெயர். ஸ்லோவேனியாவில் அதற்கென்றே கூரை போட்ட மரச்சட்டம் இருக்கிறது, கொசோலெட்ஸ். தரை ஈரம் படாது, காற்று இரண்டு பக்கமும் போகும், தூறல் விழுந்தால் மேல் வரிசை மட்டும் நனையும். படத்தைப் பார்த்த பாட்டி, "துணி காயப்போடுறதுதானே" என்றார். மூங்கிலும் நைலான் கயிறும் போதுமாக இருந்தது. அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்குக் கயிறு கட்டுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு வரிசை, தாழ்ந்த வரிசை முழங்கால் உயரம். ஒரு பிடியை இன்னொரு பிடி மறைக்காமல் எப்படிப் போடுவது என்பதில் மட்டும் பெண்களுக்குள் சண்டை நடந்தது.

காய்ந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? மாட்டுக்கார அண்ணன் ஒரு பிடியை எடுத்துப் புரி திரிப்பது போல முறுக்கினார். இலை நொறுங்கியது, தண்டு வளைந்தது, உடையவில்லை. போதுமா போதாதா என்று இரண்டு பேச்சு. அப்போது பாட்டி ஒரு தண்டை வாங்கி, கணுவைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். நாற்பது வருடம் மரப்பட்டையை நகத்தால் கீறிப் பார்த்த விரல் அது; அந்த நகம் நடுவில் தடித்து, ஓரம் தேய்ந்து உளி மாதிரி இருக்கும். கீறிய இடத்தை உதட்டில் வைத்துப் பார்த்தார். "இன்னும் பால் இருக்கு" என்றார். தண்டெல்லாம் காய்ந்த பிறகும் கணுவில் ஈரம் ஒளிந்திருக்கிறது. வைக்கோல் போரில் இப்படிப் பார்த்ததே இல்லையாம். மரத்தில் பார்த்த பழக்கம், கை தானாகப் போயிற்று என்றார். அதற்கப்புறம் திடலில் எல்லாரும் நகத்தால் கீறிக்கொண்டு, "பால் இருக்கு", "பால் வத்திருச்சு" என்று பேச ஆரம்பித்தார்கள். ஆறாம் நாள் கோணிப்பை 5 கிலோவுக்கு வந்தது. அன்றுதான் பாட்டியின் நகமும் சரி சொன்னது.

இரண்டாவது போர் முதலாவதைவிடச் சிறியது, கொஞ்சம் சாய்வும்கூட. கடப்பாரையைப் பத்து நாள் தொடர்ந்து சொருகிப் பார்த்தோம். சூடு இல்லை.

கணக்கு

தீவனக் கணக்குப் பார்த்தால் இது வீண் வேலை. கட்டுகளை எண்ணி நிறுத்ததில் போரின் எடை சுமார் 600 கிலோ. 300 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஏழு, எட்டு கிலோ உலர்தீவனம் வேண்டும். பத்து மாட்டுக்கு ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு மூன்று வாரம், முப்பது பேர். மாட்டுக்கார அண்ணன் மோட்டார் சைக்கிளில் தனியாளாக அதைவிட அதிகம் சேர்த்துவிடுவார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கலைக் கணக்கும் எனக்குத் திருப்தியாக இல்லை. பினாங்கிலிருந்து வந்தவர்கள் போரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, வடிவம் பிரமாதம் என்றார்கள். ஒரு ஜோடி திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வந்தது. புதன் இரவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அண்ணன் மகள் அதற்காகக் கடைசியில் போரின் படங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கருகிய புல் ஒரு கைப்பிடி, அந்தக் கடப்பாரை, 7 என்று நான் எழுதிய நோட்டுத் தாள், இந்த மூன்றை மட்டும் கண்காட்சியில் வைத்தாள். என் கையெழுத்தை அங்கே வைத்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்கு. வைத்துவிட்டாள்.

திடலில் இன்னொன்றும் நடந்தது. இத்தனை வருடம் மாட்டுக்கார அண்ணனைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன இரண்டு வீட்டார், தங்கள் வீட்டுப் பின்புறப் புல்லை அறுத்து அவருக்கு எடுத்து வைக்கிறார்கள். மருந்து அடித்தால் முன்கூட்டியே போனில் சொல்கிறார்கள். மற்ற வீடுகளில் எந்த மாற்றமும் இல்லை.

அனுமதிக் காகிதத்தின் தவணை ஏப்ரல் முதல் வாரம் முடிந்தது. அதற்குள் மழையும் தொடங்கிவிட்டது. இரண்டு பெரிய மழை அடித்தும் போருக்குள் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஈரமில்லை. பகலில் மாட்டைத் திடலுக்கு ஓட்டி வர முடியாது. அதனால் இரவு பத்து மணிக்கு, தெருவிளக்கு எரியாத பக்கமாக, அண்ணன் நான்கு மாடுகளை ஓட்டி வந்தார். அண்ணன் மகள் போரின் உச்சியிலிருந்து எடுக்கப் போனாள். பாட்டி அவள் கையைத் தட்டிவிட்டு, "கூரையத் தொடாத. ஒரு பக்கமா இடுப்பு உயரத்துல இருந்து பிடுங்கு. மீதிய நாளைக்கு மழையில விடுறதா?" என்றார். பிடுங்கிய பிடியில் இன்னும் பச்சை நிறம் இருந்தது. முன்னால் நின்ற மாடு அதை முகர்ந்து பார்த்தது, பெருமூச்சு விட்டது, அப்புறம் தின்னத் தொடங்கியது.